டெல்லிக் குளிரில் விடாத சளி, என்ன செய்யலாம்?

ஆர்.கே.புரம்வாசி:
மதுரையிலிருந்து வந்து இது முதல் ஜனவரி. ஐந்து நாளாக மூக்கடைப்பு, தொண்டை கரகரப்பு, காய்ச்சல் இல்லை. ஹீட்டர் போட்டுப் படுத்தால் காலையில் தொண்டை காய்ந்து எரிகிறது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்தார்கள், வாங்காமல் வந்துவிட்டேன். சரிதானே? ஐந்து வயது மகளுக்கும் மூக்கு ஒழுகுகிறது. அவளுக்கு ஆவி பிடிக்கச் சொல்கிறார் அம்மா.

மயூர் விஹார் பாட்டி:
வாங்காதது நல்லது தம்பி. சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் போய்விடும், இருமல்தான் கொஞ்சம் இழுக்கும். எனக்கு இங்கே இது 31வது குளிர்காலம். படுக்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடு, நல்ல ரஜாய் (பஞ்சு வைத்த தடிமனான போர்வை) போதும். வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளர், அரை டீஸ்பூன் உப்பு, தினம் மூன்று தடவை கொப்பளி. ரசத்துக்கு மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கு. கொதித்தால் ருசி போய்விடும்.

குழந்தைக்கு ஆவி மட்டும் வேண்டவே வேண்டாம். என் பேரன் பாத்திரத்தைத் தட்டிவிட்டான். தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது. படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடு. ஒரு வயதுக்குள் இருந்தால் தேனும் கூடாது, இவளுக்குப் பரவாயில்லை.

கரோல்பாக் ராத்திரி ஷிஃப்ட்:
குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். புகைமூட்டம் இருக்கும் காலையில் நடைப்பயிற்சியும் வேண்டாம்.

ஆர்.கே.புரம்வாசி:
நன்றி பாட்டி. நேற்று ஹீட்டரை அணைத்தேன், தொண்டை எரியவில்லை. மகள் இரண்டு டம்ளர் ரசம் குடித்தாள்.