மல்டிகுக்கரில் இ2 பிழை: சென்சாரை மாத்தணுமா?

ரங்கூன் அடுப்படி:
5 லிட்டர், 900 வாட் மல்டிகுக்கர். சோறு கொதிச்சு மூடியில் ஆவி ஏறினதும் இ2 காட்டி பீப் அடிச்சு நின்னுடுது. ஆறவிட்டுப் போட்டா மறுபடி ஒழுங்கா ஓடுது. கையேட்டில் இ2ன்னா மேல் சென்சார், அதாவது மூடியில் சூட்டை அளக்குறதுன்னு இருக்கு. பிளக்கைப் பிடுங்கி, அடித்தட்டைக் கழட்டி, ரெண்டு சென்சார் கனெக்டரையும் போர்டிலிருந்து உருவி அளந்தேன். கீழே 74 கிலோ ஓம், மேலே 75. ரெண்டு சென்சாரும் 100 கிலோ ஓம்னு போட்டிருக்கு. அறை வெப்பம் 32 டிகிரி. ரெண்டையும் மாத்திடவா?

மோல்மேன் பட்டறை:
மாத்தாதீங்க அண்ணே, ரெண்டும் சரியான அளவுதான். 100 கிலோ ஓம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. இது என்டிசி வகை, சூடு ஏற ஏற ஓம் இறங்கும். பீட்டா (சூட்டுக்கு ஓம் எவ்வளவு வேகமா மாறும்னு சொல்ற எண்) 3950 உள்ளதுன்னா 32 டிகிரியில் 74 வரணும், கொதிநீர்ச் சூட்டில் 7 பக்கம் வரணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் 100 காட்டினாத்தான் சந்தேகப்படணும்.

ஆவி ஏறும்போது மட்டும் வருதுன்னா ரெண்டு இடம் பார்க்கணும். ஒண்ணு, கீல் வழியா மூடிக்குப் போற வயர். திறந்து மூடித் திறந்து உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும், மேலுறை முழுசா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் முனையைக் கனெக்டரில் வச்சபடியே மூடியை மெதுவா ஆட்டுங்க. ஏதாவது ஒரு கோணத்தில் ஓஎல்னு (இணைப்பு அறுந்தா மீட்டர் காட்டுறது) தாவினா வயர்தான். இன்னொண்ணு ஈரம். மூடியின் உள்தகட்டு ரப்பர் விட்டிருந்தா ஆவி உள்ளே போய் சென்சார் கால்கள் மேல படியும். பிழை வந்தவுடனே பிளக்கைப் பிடுங்கி அளங்க. மூடி 90 டிகிரியில் இருந்தா 9 கிலோ ஓம் வரணும். ஒண்ணு ரெண்டுதான் காட்டுதுன்னா ஈரம் கசியுது.

இன்செய்ன் வாசகன்:
அவசரத்துக்கு 82 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்தக் கனெக்டரில் சொருகினா பிழை போயிடும், சமைச்சுக்கலாம்.

மோல்மேன் பட்டறை:
தம்பி, சமைக்க மட்டும் வேண்டாம். பிழை போகுதான்னு போட்டவுடனே ஒரு தடவை பார்க்க அது நல்ல வழி, அதோட கழட்டிடணும். ரெசிஸ்டர் இருந்தா பானை எப்பவும் 30 டிகிரிலேயே இருக்குன்னு போர்டு நினைச்சுக்கும். மேல் சென்சார் இடத்தில் போட்டா கஞ்சி பொங்குறது தெரியாது. கீழே போட்டா சூடு நிக்கவே நிக்காது, மிச்சக் காவல், அளவு மீறிச் சூடானா உருகி மின்சாரத்தை அறுக்கும் தெர்மல் ஃபியூஸ் ஒண்ணுதான். அது போனா திரையே வராது. பல மாடல்களில் அது கீழ் சென்சார் குமிழுக்குள்ளேயே இருக்கும், அதான் அங்கே நாலு வயர். அதை ஈயம் வச்சு ஒட்டக் கூடாது, ஒட்டுற சூட்டிலேயே உருகிப் போகும். நசுக்கிப் பொருத்தும் குழாய் போட்டுத்தான் சேர்க்கணும்.

பகோ மின்சாரம்:
இதோட கரண்ட் அளவையும் பார்த்துடுங்க. வோல்ட்டேஜ் 170க்கு இறங்கினா 900 வாட் ஹீட்டர் 490 வாட்தான் தரும், ஏன்னா வோல்ட்டேஜின் வர்க்கத்துக்குத்தான் சூடு. பானை நேரத்துக்குச் சூடாகலைன்னு சில மாடல்கள் அதையும் சென்சார் பிழையாக் காட்டும். இவருக்கு ஆவி வந்த பிறகு வர்றதால இது காரணமா இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனாலும் ஸ்டெபிலைசர் இல்லாம ஓட்டாதீங்க. இன்னொண்ணு: இந்த போர்டுகள் பலதில் மின்சாரத்துக்கும் சென்சாருக்கும் இடையில் பிரிப்பே கிடையாது. பிளக் சொருகியிருக்கும்போது சென்சார் வயரைத் தொட்டாக்கூட ஷாக் அடிக்கும்.

ரங்கூன் அடுப்படி:
ஆட்டிப் பார்த்தேன். பாதி திறந்த நிலையில் 75லிருந்து ஓஎல்லுக்குத் தாவுது, முழுசா மூடினா திரும்ப 75. ரப்பர் நல்லாத்தான் இருக்கு. அறுந்த இடத்தை மட்டும் ஒட்டிடலாமா?

மோல்மேன் பட்டறை:
அப்போ வயர்தான். மூடினபோது அறுந்த முனைகள் தொட்டுக்கிட்டு இருக்கு, சூடு ஏறி உறை நெகிழ்ந்ததும் விலகிடுது. கீலுக்குள்ள ஒட்டு வைக்காதீங்க, ஒட்டின இடம் விறைச்சு அதுக்குப் பக்கத்திலேயே மறுபடி அறுகும். கனெக்டரிலிருந்து மூடி உள்தகடு வரைக்கும் ஒரே நீளமா மாத்துங்க. பல இழை உள்ள சிலிகான் உறை வயர்தான் வேணும். சாதா பிவிசி ஆவிச் சூட்டில் இளகும், கீலில் விறைக்கும். ஒட்டை மூடிக்குள்ளே, அசையாத இடத்தில் வச்சு மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்க. என்டிசிக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எந்த வயர் எந்தக் காலிலும் வரலாம். கீல் பக்கம் ஒரு விரல் அளவு தளர்வு விட்டு, மூடி முழுசா திறந்த நிலையில் இழுக்குதான்னு பார்த்துட்டு அடித்தட்டைப் பூட்டுங்க.