தங்கை 800 மீட்டர் ஓடும்போது கேலரியில் எங்கே உட்காருவது, என்ன சொல்லி ஊக்கப்படுத்துவது?

பெரம்பூர் அண்ணன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 800 மீட்டர், அதாவது ஓடுதளத்தை இரண்டு முறை சுற்றும் ஓட்டம், ஓடுகிறாள். அடுத்த வாரம் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியில் பங்கேற்கிறாள். சென்ற போட்டியில், முதல் சுற்று முடிவதற்குள்ளாகவே "விடாதே, முந்து" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவளும் அப்போதே வேகமெடுத்தாள். மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தவள், கடைசி 150 மீட்டரில் கால் எழாமல் ஆறாவதாக வந்தாள். திரும்பும்போது ரயிலில், "உன் குரல் கேட்டதும் என்னால் பொறுத்திருக்க முடியவில்லை அண்ணா" என்று மட்டும் சொன்னாள். கோபம் சிறிதும் இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. இம்முறை அம்மாவும் முதன்முதலாக வருகிறார். நாங்கள் எங்கே உட்கார வேண்டும், என்ன சொல்ல வேண்டும், அல்லது வாய் திறக்காமல் இருப்பதே நல்லதா?

இரண்டு சுற்று:

கல்லூரி நாள்களில் நானும் இதே தூரத்தை ஓடியவள் என்பதால் சொல்கிறேன்: பேசாமல் இருக்க வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்தார் எல்லோரும் முடிவுக்கோட்டை ஒட்டிய கேலரியில்தான் கூடுவார்கள். அந்த இரைச்சலில் எந்தக் குரலும் தனியாகக் காதில் விழாது. எதிர்ப்பக்க நேர்பாதை முடிந்து கடைசி வளைவு தொடங்கும் இடத்துக்கு அருகே அனுமதி இருந்தால் அங்கே உட்காருங்கள். உங்கள் தங்கை அந்த இடத்தை 200 மீட்டரில் ஒரு முறையும் 600 மீட்டரில் மறு முறையும் கடப்பாள். முதல் முறை அமைதியாக இருங்கள். இரண்டாம் முறை கூப்பிடுங்கள். மூச்சு முட்டி, தொடை கனத்து, "இன்று போதும்" என்று மனம் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அங்கே யாரும் நமக்காகக் குரல் கொடுப்பதில்லை.

"வேகமாக ஓடு" என்பதால் பயனில்லை, அவளால் முடிந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பாள். களைத்தவுடன் தோள் காதுவரை ஏறிவிடும், கை வீச்சு குறுகிவிடும். அப்போது உடல் உடனே செய்யக்கூடிய ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். என் அப்பா வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "தோளை இறக்கு" என்பார். மைதானத்தில் அந்தப் பெயரை அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், எத்தனை சத்தத்திலும் அது எனக்குக் கேட்டுவிடும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

மேலே சகோதரி சொன்னதை ஏற்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஆர்வ மிகுதியில் உள்ளே இறங்கி, ஓடுதளத்தின் ஓரமாக உடன் ஓடிவிடாதீர்கள். போட்டியில் இல்லாத ஒருவர் கூடவே ஓடி வேகம் கொடுப்பது விதிப்படி உதவியாகக் கருதப்படும். ஓடுகிறவருக்கு எச்சரிக்கையும், தொடர்ந்தால் தகுதி நீக்கமும் வரலாம். கேலரியிலிருந்து குரல் கொடுப்பதற்குத் தடை இல்லை. ஆனால் "ஆன் யுவர் மார்க்ஸ்" என்ற கட்டளை முதல் துப்பாக்கி வெடிக்கும்வரை முழு அமைதி காக்க வேண்டும்.

அடுத்தது, இரண்டாம் சுற்றில் அவள் வேகம் சற்றுக் குறைந்தால் மனம் தளர வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்ய வீரர் டேவிட் ருடிஷா 800 மீட்டரில் 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்தபோதுகூட, முதல் சுற்றை 49.28 விநாடியில் முடித்தவருக்கு இரண்டாம் சுற்றுக்கு இரண்டு விநாடிக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டது. சென்ற முறை நேர்ந்ததற்கு உங்கள் குரல் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. எப்போது வேகமெடுப்பது என்பதைப் பயிற்சியாளருடன் பேசி முன்பே முடிவு செய்திருந்தால், எந்தக் குரலும் அவளை அசைத்திருக்காது.

ஓட்டக்காரியின் அம்மா:

தம்பி, உங்கள் அம்மாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோட்டைத் தாண்டியதும் பிள்ளை தரையில் விழலாம், சில நேரம் வாந்தியும் எடுக்கலாம். முதல் முறை என் மகளை அப்படிப் பார்த்தபோது, நான் அழுதுகொண்டே தடுப்பைத் தாண்டப் போனேன். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மெல்ல நடக்கவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். தெளியாவிட்டால் உடனே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். எத்தனையாவது இடம் என்ற பேச்சை அவளே தொடங்கட்டும்.

பெரம்பூர் அண்ணன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு, தரையில் உட்கார்ந்து ஸ்பைக்ஸ் எனும் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் திருகிக்கொண்டிருந்தவளிடம், 600 மீட்டரில் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பாப்பா, கை என்று சொல். அது போதும்" என்றாள். அம்மாவிடமும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன். எதிர்ப்பக்கக் கேலரியில் வெயில் அடிக்குமா என்று கேட்டவர், அடித்தாலும் அங்கேயே உட்காரலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.