ஓனிபாவின் அச்சகம்: லுத்தரன் கூட்டமைப்போடு நமக்கு நேர்ந்தவை (உறுப்பினர்கள் எழுதியவை)

திருச்சி உறுப்பினர்:

2017 மே மாதம், லுத்தரன் சபைகளின் உலக அமைப்பான உலக லுத்தரன் கூட்டமைப்பின் பன்னிரண்டாவது பேரவை நமீபியாவின் விண்ட்ஹூக் நகரில் கூடியபோது பார்வையாளனாகப் போயிருந்தேன். ஞாயிறு ஆராதனை கட்டுடுரா பகுதியின் சாம் நுயோமா விளையாட்டரங்கில் நடந்தது. கறுப்பின மக்களை வெள்ளையர் அரசு ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. "நாங்கள் இருக்க விரும்பாத இடம்" என்று அந்த மக்களே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் வடக்கே ஓனிபாவிலிருந்து வந்தவர். எங்கள் சபையைப் பற்றிக் கேட்டார். விடுவேனா? 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அச்சகம், 1715-இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எங்களுக்கும் அச்சகம் உண்டு. 1973-இல் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். திரும்பக் கட்டினோம். 1980-இல் மறுபடியும் வைத்தார்கள்" என்றார், மழை பெய்தது என்பதுபோல.

அப்படி என்ன அச்சடித்தீர்கள் என்று கேட்டேன். பாட்டுப் புத்தகம், வேதப் புத்தகம், 'ஒமுக்வேத்து' என்ற சபைப் பத்திரிகை. 1971-இல் அங்குள்ள லுத்தரன் சபைத் தலைவர்கள் பேராயர் அவாலாவும் கோவாசெப் ஐயரும், அப்போது நமீபியாவை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் பிரதமர் ஃபோர்ஸ்டருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சொந்த நாட்டில் நடமாடுவதற்கே அனுமதிச் சீட்டு, வீட்டைப் பிரிந்து ஒப்பந்தக் கூலி வேலை, இதெல்லாம் மனித உரிமை மீறல் என்றது கடிதம். கோயில்களில் அதை வாசித்தபோது தமக்குப் பத்து வயது என்றார் பெரியவர். அம்மா தம் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறதாம்.

பெயர் வேண்டாம் என்ற உறுப்பினர்:

1977-இல் தார் எஸ் சலாமில் கூடிய இந்தக் கூட்டமைப்பின் பேரவை, நிறவெறியை எதிர்ப்பது அரசியல் கருத்தன்று, விசுவாச அறிக்கையைச் சேர்ந்த காரியம் என்றது. 1984-இல் புடாபெஸ்டில், அதற்கு இணங்காத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. சரி, கைதட்டுவோம்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. என் தாத்தா அதற்கு அந்தப் பக்கம் கிடக்கிறார். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் இதே கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் பாங்காக்கில் தலித் மக்களின் நீதிக்காக மாநாடு கூட்டின. அங்கே பேசியது எதையும் எங்கள் கோயிலில் எந்த ஐயரும் வாசித்ததில்லை. சுவருக்கு மட்டும் கிறிஸ்துமஸ் தவறாமல் வெள்ளையடிக்கிறார்கள்.

நாகர்கோவில் உறுப்பினர்:

எருசலேம் பயணத்தில் ஒலிவ மலையின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை வாசலில் எங்கள் பஸ் நின்றது. கோபுரத்தைப் படம் பிடிக்கத்தான் இறங்கினோம். அது இந்தக் கூட்டமைப்பு நடத்தும் மருத்துவமனை என்பதே அப்போதுதான் தெரியும். மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் புற்றுநோய்க்காரர்கள் அப்போது வந்துகொண்டிருந்தார்கள், இஸ்ரேலின் அனுமதி கிடைத்தால். அதைக் கேட்டபின் யாரும் படம் எடுக்கவில்லை.

திருச்சி உறுப்பினர்:

அந்தச் சுவரைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் எழுந்து போகுமுன் கேட்டார்: "உங்கள் அச்சகத்துக்கு யாராவது குண்டு வைத்தார்களா?"

இல்லை என்றேன், பெருமையாக.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.