அதிகாரம் அதிகாரமாக வாசித்தும் ஆண்டவரோடு பேசிய உணர்வு இல்லையே?

கேள்வி: ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி தினம் மூன்று, நான்கு அதிகாரம் ஓடுகிறது. தகவல் சேர்கிறது, உறவு சேரவில்லை. எப்படி வாசிப்பது?

பதில் 1: 1189 அதிகாரத்தை 365 நாளில் முடிக்க வேகம் வேண்டும், உறவுக்கு நிதானம் வேண்டும். பத்து வசனத்தைத் தாண்டாதீர்கள். மாற்கு 10:46-52, இயேசு பார்வையற்ற பர்திமேயுவுக்குப் பார்வை தரும் பகுதி, நல்ல தொடக்கம். முதலில் வாய்விட்டு மெதுவாக. இரண்டாம் முறை எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறதோ அங்கேயே நின்று, அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பிறகு அதை ஜெபமாக்குங்கள். கடைசி ஐந்து நிமிடம் பேச்சே வேண்டாம். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ சொன்ன நான்கு படிகள் இவைதான்.

பதில் 2: கெடுவது பெரும்பாலும் இரண்டாம் படியில். தியானம் பிரசங்கக் குறிப்பாகிவிடும். பேனாவை மூடி வையுங்கள். 51ஆம் வசனத்தில் இயேசு பர்திமேயுவிடம் 'உனக்கு என்ன செய்யவேண்டும்' என்று கேட்கிறார் அல்லவா? அதற்கு உங்கள் பதிலைச் சொல்லுங்கள், அழகான ஜெப வார்த்தைகள் தேவையில்லை.

பதில் 3: ஒரு எச்சரிக்கை. தனிச் சொல்லைப் பிடிக்குமுன் முழு அதிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதற்கு முன் பாபிலோனில் எழுபது வருஷம் சிறையிருக்க வேண்டும் என்று சொல்லும் 10ஆம் வசனத்தை யாரும் மாட்டுவதில்லை!

கேள்வி கேட்டவர்: ஒன்றுமே தோன்றாத நாளில்?

பதில் 3: சங்கீதம் 88. இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.