ஜாய் டிவிஷன்: பெருமை குழுவுக்கா, ஒலிப்பதிவுக்கா?

மழைக்காகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர்போல் ஏறி இறங்கும் ஒரு டி-சர்ட்டை நான் நான்கு ஆண்டுகள் அணிந்து திரிந்தேன். அது ஓர் இசைத்தட்டின் உறைப்படம் என்பது, சட்டை சாயம் போய்த் தரை துடைக்கப் போன பிறகே எனக்குத் தெரிய வந்தது. அந்த வெட்கத்தில்தான் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’, ‘குளோசர்’ ஆகிய இரண்டு தட்டுகளையும் இரண்டு மாதங்களாக மாறி மாறிக் கேட்டு வருகிறேன்.

இப்போது ஒரு குழப்பம். 1980 மே 2 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய கடைசி நிகழ்ச்சியின் பதிவு ‘ஸ்டில்’ தொகுப்பில் இருக்கிறது. அதில் கேட்பது முரட்டுத்தனமான, இரைச்சல் மிகுந்த ஒரு குழு. முதல் தட்டிலோ, ஆளில்லாத பெரிய கூடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி மூலையில் நின்று வாசிப்பது போல இருக்கிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது? இன்று இக்குழுவுக்கு இருக்கும் மதிப்பு இசையால் வந்ததா, அல்லது பாடகர் இயன் கர்ட்டிஸ் 23 வயதில் இறந்துபோனதால் வந்ததா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையதட்டு எழுதியது:

நீங்கள் சொல்லும் ஆளில்லாத கூடத்தைக் கட்டியவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ 1979 ஏப்ரலில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெர்ரி ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, அந்த ஜூனில் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. டிரம்ஸின் ஓர் உறுப்பின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது என்பதற்காக, டிரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மோரிஸை ஒரே மூச்சில் வாசிக்க விடாமல், ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக அடிக்க வைத்துப் பதிவு செய்தார் ஹானெட். அப்படிப் பிரித்தெடுத்த ஒவ்வோர் அடியையும், அப்போது புதிதாக வந்திருந்த ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே கருவிக்குள் விட்டு, மிகச் சிறிய எதிரொலியைச் சேர்த்தார். உங்கள் காதில் விழும் தூரம் அந்தச் சிறு எதிரொலியால் உண்டானதே.

‘இன்சைட்’ பாடலில் கர்ட்டிஸின் குரல் தொலைபேசி இணைப்பின் வழியாகப் பதிவு செய்யப்பட்டது. அந்தப் பாடல் லிஃப்டின் ஓசையோடு தொடங்குகிறது. ‘ஐ ரிமெம்பர் நத்திங்’ பாடலில் கண்ணாடி உடைகிறது. ‘லவ் வில் டியர் அஸ் அபார்ட்’ பாடலைப் பதிவு செய்தபோது, வேலை முடிந்து படுக்கப் போன தன்னை அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பி, ஸ்னேர் டிரம்மை மறுபடியும் அடிக்க வரச் சொன்னார்கள் என்று மோரிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எரிச்சலோடுதான் போயிருப்பார், அந்த எரிச்சலும் பாட்டில் பதிவாகியிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், முதல் தட்டைக் கேட்ட பேஸ் கலைஞர் பீட்டர் ஹுக்குக்கும் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னருக்கும் அது பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் எழுப்பிய முரட்டு ஒலி தட்டில் வரவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அந்த ஒலியை ஹானெட் வடித்தெடுத்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார்கள். ஆக, இன்று உலகம் கொண்டாடும் ஒலி, அதை வாசித்தவர்களில் இருவர் விரும்பாத ஒலி.

அடித்தந்தி எழுதியது:

பழையதட்டு அவர்கள் சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாப் பெருமையையும் ஹானெட்டின் மடியில் கொட்டுவதை ஏற்க முடியவில்லை. நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பொதுவாக பேஸ் என்பது அடியில் கிடந்து பாட்டைத் தாங்குவது. ஹுக்கின் ஒலிபெருக்கியோ தரம் குறைந்தது. சம்னரின் கிட்டாரோ உரத்தது. தான் வாசிப்பது தன் காதுக்கே கேட்காமல் போனதால், கழுத்தின் மேற்பகுதியில், உச்ச சுரங்களில் வாசிக்கத் தொடங்கினார் ஹுக். அங்கே வாசித்தால்தான் அவருக்கே கேட்டது. ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: மெட்டு பேஸில் இருக்கிறது, கிட்டார் வெறும் கீறலாக வந்து போகிறது. இந்த அமைப்பு ஹானெட்டைச் சந்திப்பதற்கு முன்பே, ஒத்திகை அறையில் உருவானது. ஏற்கெனவே இடைவெளி விட்டு வாசித்த குழு கிடைத்ததால்தான் ஹானெட்டால் அந்த இடைவெளியைப் பெரிதாக்க முடிந்தது.

அதே பாடலின் சொற்களும் கவனிக்கத் தக்கவை. கர்ட்டிஸ் மாக்கிள்ஸ்ஃபீல்டில், உடற்குறையுள்ளோருக்கு வேலை தேடித் தரும் அரசுப் பணியில் இருந்தவர். அங்கே வந்துபோன, வலிப்பு நோய் கொண்ட ஒரு பெண்ணின் நினைவில் எழுந்த பாடல் அது. 1979 ஜனவரியில் கர்ட்டிஸுக்கே அந்த நோய் இருப்பது உறுதியாயிற்று. அதற்குப் பிறகும் பல மேடைகளில் அவர் அந்தப் பாடலைப் பாடினார் என்பதை நினைத்தால், என்னால் அதைப் பின்னணி இசையாக ஓடவிட முடிவதில்லை.

இறப்பால் வந்த புகழா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘குளோசர்’ 1980 மார்ச்சில் லண்டனின் பிரிட்டானியா ரோ கூடத்தில் பதிவானது. குழு அமெரிக்கப் பயணம் புறப்படவிருந்த நேரத்தில், மே 18 அன்று கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். தட்டு ஜூலையில் வந்தது. உறையில் இருப்பது ஜெனோவா நகரக் கல்லறை ஒன்றின் ஒளிப்படம். அவர் இறப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் படத்தை, இறப்பை விற்கும் உத்தி என்று பலர் நினைத்துவிட்டார்கள். புராணம் உருவாக இது போதாதா? அந்தத் துயரம் ஆட்களைத் தட்டின் பக்கம் கூட்டி வந்திருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பதற்கு, அந்தத் தட்டில் உள்ள ‘தி எடர்னல்’ போன்ற ஒரு பாடல் தேவைப்படுகிறது.

தாளக்கட்டு எழுதியது:

செல்வாக்கைப் பற்றிச் சுருக்கமாக. எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அவர்களுடைய முதல் தனிப்பாடல் வெளியீடாக வந்த ‘செரிமனி’ ஜாய் டிவிஷன் காலத்துப் பாடலே. 1983இல் வந்த ‘புளூ மன்டே’ நடன இசையின் போக்கையே திருப்பியது. கூர்ந்து கேட்டால், எந்திரம்போல் பிசகாத மோரிஸின் டிரம்ஸ் 1979இலேயே அதற்கு வழி போட்டுவிட்டது புரியும். யூ2 குழு 1980இல் தங்கள் பாடல் ஒன்றைத் தயாரிக்க ஹானெட்டையே தேடிப் போனது. நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு ஜாய் டிவிஷனின் ‘டெட் சோல்ஸ்’ பாடலை 1994இல் மறுபதிவு செய்தது. 2002இல் நியூயார்க்கின் இன்டர்போல் குழுவுடைய முதல் தட்டு வந்தபோது, விமர்சகர்கள் முதலில் எடுத்த பெயரும் ஜாய் டிவிஷன்தான். என்னைக் கேட்டால், பின்வந்த பலர் கனத்த குரலையும் இருட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பேஸுக்கு மெட்டைக் கொடுக்கும் துணிவு சிலருக்குத்தான் வந்தது.

சட்டை பற்றி ஒரு வரி: அந்தக் கோடுகள் மலையல்ல. 1967இல் ஜோஸ்லின் பெல் பர்னெல் கண்டறிந்த முதல் பல்சரிலிருந்து, அதாவது சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீனிலிருந்து, வந்த ரேடியோத் துடிப்புகளின் வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்ததைக் குழுவினர் காட்ட, உறை வடிவமைப்பாளர் பீட்டர் சேவில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி உறையாக்கினார்.

மழைக்காகம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மேடைப் பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பழையதட்டு அவர்களின் பதிலைப் படித்துவிட்டு நேற்றிரவு ‘இன்சைட்’ பாடலை ஹெட்போனில் மறுபடியும் கேட்டேன். அந்த லிஃப்டின் ஓசை எங்கள் குடியிருப்பின் லிஃப்டிலிருந்து வருகிறது என்று எண்ணி, இரண்டு மாதங்களாக அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடித்தந்தி எழுதியது:

1979 டிசம்பரில் பாரிஸின் லே பான் தூஷ் அரங்கில் பதிவானதைக் கேளுங்கள். அதில் ‘டிஸார்டர்’ முடிந்த கையோடு முதல் தட்டில் உள்ள ‘டிஸார்டர்’ பாடலைப் போடுங்கள். லிஃப்ட் எதுவும் வராது, கதவைத் தைரியமாகச் சாத்திக்கொள்ளலாம்.