கரு பதியாமல் காத்திருந்தால் அதற்கு என்ன பெயர்?

கோலாலம்பூரிலிருந்து:

வணக்கம். சுண்டெலி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறோம். பாலூட்டும் தாயின் கருப்பையில் அடுத்த கரு சில நாள் ஒட்டாமலே கிடக்குமே, அதற்கு வரைவில் ‘கருத்தரிப்புத் தாமதம்’ என்று இருக்கிறது. போதுமா?

பினாங்கிலிருந்து:

போதாது ஐயா, பொருளே மாறிவிடுகிறது. சுண்டெலி குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் மறுபடி பருவத்துக்கு வரும். ஆண் அதே கூண்டில் இருந்தால் அன்றிரவே இணையும், கருவும் தரிக்கும். இதில் தாமதம் எங்கே? கரு பிளந்து பிளந்து சுமார் நூறு செல் கொண்ட உருண்டையாகி, 4ஆம் நாள் கருப்பைக்குள் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். குட்டிகள் பால் குடிக்கும் வரை சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எழும்பாது. அது எழும்பாமல் கருப்பைச் சுவர் கருவை ஏற்காது. உருண்டை வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே கிடக்கும். ஈஸ்ட்ரோஜன் எழும்பியதும் ஒட்டி, விட்ட இடத்திலிருந்து வளரும்.

கையேட்டுக்கு இது சொல் பிரச்சினை மட்டுமல்ல. வழக்கமான சினைக்காலம் 19 முதல் 21 நாள். பாலூட்டும் தாய்க்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். மடியில் குட்டிகள் கூடினால் தாமதமும் கூடும். காலையில் கலவி அடைப்பை (இணைந்த பின் பெண்ணின் பிறப்புவழியில் உறைந்து நிற்கும் கட்டியை) பார்த்து, அந்த நாளிலிருந்து எண்ணி, 10ஆம் நாள் கரு வேண்டுமென்று தாயின் வயிற்றைத் திறந்தால் கருப்பையில் வீக்கம் ஒன்றுமே இருக்காது. ‘சினையில்லை’ என்று குறித்துவிடுவார்கள். ஆனால் கருப்பைக் கொம்புகளுக்குள் (சுண்டெலிக் கருப்பையின் இரு கிளைகளுக்குள்) உப்புக்கரைசல் செலுத்திக் கழுவினால் உருண்டைகள் கிண்ணத்தில் வந்து விழும்.

கோலாலம்பூரிலிருந்து:

அப்படியானால் ‘கருத்துயில்’? அழகாக இருக்கிறதே.

பினாங்கிலிருந்து:

அழகுதான், ஆனால் கண் ‘கருத்து’ என்று படித்துவிட்டு ‘யில்’லில் முட்டிக்கொண்டு நிற்கும். ‘கருவுறக்கம்’ இன்னும் மோசம். ‘கருவுற’ வரை படித்தவர் கருவுறுதல் என்றே நினைப்பார். ‘கருத்தங்கல்’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். வீட்டில் ‘கரு தங்கல’ என்றால் நிலைக்கவில்லை என்று பொருள். இங்கே நடப்பது அதுவல்ல. ‘பதிவுத் தாமதம்’ என்றால் நம் ஊரில் பிறப்புப் பத்திரம்தான் நினைவுக்கு வரும்.

கோலாலம்பூரிலிருந்து இன்னொருவர்:

ஐயா, ‘கருத்தரிப்புத் தாமதம்’ என்பதைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு வேறு உரிமையாளர் உண்டு. குளிர்நாட்டு வௌவால்களில் பல இலையுதிர்காலத்தில் இணைந்து, விந்தைக் குளிர்காலம் முழுக்கக் கருப்பையில் வைத்திருந்து, வசந்தத்தில்தான் முட்டையை வெளிவிடும். அங்கே தள்ளிப்போவது கருத்தரிப்பேதான். ஐரோப்பிய ரோ மானோ சூலை, ஆகஸ்டில் கருத்தரித்துவிட்டு டிசம்பர், சனவரி வரை கருவைப் பதிக்காமல் வைத்திருக்கும். அது சுண்டெலியின் கட்சி. மான் இதைப் பாலூட்டலைப் பார்த்து அல்ல, பருவத்தைப் பார்த்துச் செய்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

பினாங்கிலிருந்து:

சரியான பிரிப்பு, அம்மா. அப்படியானால் இரண்டு சொல் வேண்டும். தாயின் பக்கம் நிகழ்வது ‘கருப்பதிகைத் தாமதம்’. கருவின் பக்கம் நிகழ்வது ‘கருவளர்ச்சி இடைநிறுத்தம்’. நீளம்தான், ஆனால் இரண்டையும் விளக்கம் இல்லாமலே படிக்கலாம். கையேட்டு வரியை இப்படி மாற்றுங்கள்: ‘பாலூட்டும் தாய்க்குக் கருப்பதிகைத் தாமதம் ஏற்படலாம், கருவின் வயதைக் கலவி அடைப்பு கண்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டாம். நாள் துல்லியம் தேவையென்றால் குட்டி போடுவதற்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றவும்.’