பிளாக் அதிகமானால் வெற்றியா? புள்ளியியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பிளாக்குகளுக்கும் (எதிரணி வளையத்தை நோக்கி எறியும் பந்தைக் கையால் தடுப்பது) வெற்றிக்கும் எவ்வளவு தொடர்பு என்று எக்செல்லில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

2012 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியத் தொடர்) இறுதியாட்டத்தில் கென்டக்கியின் அந்தோணி டேவிஸ் எடுத்த புள்ளிகள் வெறும் 6. ஆனால் 6 பிளாக், 16 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது)! கென்டக்கி 67-59 என வென்றது. சரி, பிளாக்தான் காரணம் என்று எழுதப்போனால், தோற்ற கன்சாஸ் அணியின் ஜெஃப் வித்தி அந்தத் தொடரில் மொத்தம் 31 பிளாக் செய்திருக்கிறார்.

இன்னொரு தலைவலி: பந்தை அடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினாலும் ஒரு பிளாக்; அது எதிரணிக்கே திரும்பிப் போகும். தட்டித் தன் ஆளிடம் சேர்த்தாலும் அதே ஒன்று. பிளாக்குக்குப் பயந்துபோய் எதிரணி எறியாமலே விட்ட பந்துகளுக்கோ கணக்கே இல்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய விஷயம் என்று தோன்றுகிறது.

இப்போதைக்கு பிளாக்குகளை எதிரணியின் இரண்டு புள்ளி முயற்சிகளால் வகுக்கிறேன். இது போதுமா? வெற்றி தோல்வியை வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம்/இல்லை என்ற முடிவைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போடுவதா, புள்ளி வித்தியாசத்தை வைத்துச் சாதாரண ரிக்ரெஷனா (எண்ணளவைக் கணிக்கும் முறை)? பிளாக்குக்குப் பிறகு பந்து யாரிடம் போனது என்ற விவரம் எங்கே கிடைக்கும்? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.